பழைய கணினியில் மூன்று லினக்ஸ்: ரேம் வாங்குவதா, எஸ்எஸ்டி வாங்குவதா? (அவசரம்)

உசிலை வாத்தியார்:
வணக்கம். சனிக்கிழமைதோறும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதற்காக, மதுரை டவுன்ஹால் ரோட்டில் பழைய கணினி ஒன்றை வாங்கி டெபியன், மின்ட் என்னும் இரண்டு லினக்ஸ் வகைகளை நிறுவியிருந்தேன். மூன்றாவதாக ஃபெடோராவையும் சேர்க்க எண்ணம். நேற்று முதல் பூட் மெனுவில் (கணினி தொடங்கும்போது எந்த லினக்ஸ் என்று கேட்கும் பட்டியலில்) மின்ட்டைக் காணவில்லை. கணினியும் மிக மெதுவாக இயங்குகிறது. கையில் 5,000 ரூபாய் இருக்கிறது. எதை வாங்கலாம்? நாளை வகுப்பு.

வைகைக்கரை:
ஐயா, ப்ராசஸர் எந்தத் தலைமுறை? ரேம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட்? சேமிப்பு ஹார்ட் டிஸ்க்கா, அதைவிட வேகமான எஸ்எஸ்டியா? இவை தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யானைமலை:
ஒரு லினக்ஸை யூஇஎஃப்ஐ என்னும் புதிய தொடக்க முறையிலும் மற்றொன்றைப் பழைய பயாஸ் முறையிலும் நிறுவியிருப்பீர்கள். அப்படி நிறுவினால் ஒன்றின் மெனுவிலிருந்து மற்றொன்றைத் தொடங்க முடியாது. இரண்டையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவுவதே நல்லது.

உசிலை வாத்தியார்:
ஐ3, 4ஆம் தலைமுறை. ரேம் 4 ஜிபி, ஒரே துண்டு. ஒரு ஸ்லாட் காலி. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். இரண்டையும் யூஇஎஃப்ஐ முறையில்தான் நிறுவினேன். கடைக்காரர் 8 ஜிபி டிடிஆர்4 தருவதாகச் சொல்கிறார்.

கர்னல் காவலன்:
பிள்ளைகளுக்குச் சொல்லித்தருபவர் தம் கணினியின் விவரத்தை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். இதை இங்கே எத்தனை முறைதான் சொல்வது? ஒரே டிஸ்க்கில் மூன்றை நிறுவுவது பழைய பழக்கம். டெபியனை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை கேவிஎம் என்னும் லினக்ஸ் வசதி வழியாக மெய்நிகர் கணினிகளாக (கணினிக்குள் ஓடும் கணினிகளாக) இயக்குங்கள். உங்கள் ப்ராசஸரில் அதற்கான வசதி உண்டு. பயாஸ் அமைப்புத் திரையில் அதை இயக்கினால் போதும்.

மேலூர்க்காரன்:
4 ஜிபி ரேமில் ஒரு டெஸ்க்டாப்பும் அதற்குள் இன்னொரு டெஸ்க்டாப்புமா? அது ஓடினாலும், டிஸ்க்கைப் பிரிப்பதையும் பூட் ஆவதையும் பிள்ளைகள் நிஜக் கணினியில் பார்ப்பதுதான் பாடம்.

கர்னல் காவலன்:
நிஜக் கணினியில் ஒரு தவறு நேர்ந்தால் எல்லாம் போய்விடும். மெய்நிகர் கணினியில் ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடுத்து வைத்தால் நொடியில் பழைய நிலைக்குத் திரும்பலாம். பிள்ளைகள் பயமின்றிக் கற்க அதுவே வழி.

வைகைக்கரை:
இந்த விவாதத்துக்கு முன்னால் வாத்தியார் வீண்செலவு செய்யாமல் இருக்க வேண்டும். ஐயா, 4ஆம் தலைமுறைப் போர்டுக்கு டிடிஆர்3 ரேம்தான். டிடிஆர்4 துண்டில் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. கணினியின் வேகம் கூட, முதலில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை வாங்குங்கள். என்விஎம்இ என்னும் புதுவகை எஸ்எஸ்டி வேண்டாம், இந்த வயதுப் போர்டுகள் பெரும்பாலும் அதிலிருந்து பூட் ஆகா. மிச்சப் பணத்தில் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 போட்டால், காவலன் சொல்வதைப்போல ஒரு சிறிய மெய்நிகர் கணினியையும் இயக்கிப் பார்க்கலாம். மூன்று லினக்ஸையும் வைத்துக்கொண்டால் ஒன்றை ஹைபர்னேட் செய்துவிட்டு (நிலையை டிஸ்க்கில் சேமித்து அணைத்துவிட்டு) இன்னொன்றைத் தொடங்கி அதே ஸ்வாப்பை (அந்த நிலை சேமிக்கப்படும் டிஸ்க் பகுதியை) பயன்படுத்தாதீர்கள், கோப்புகள் கெடும். அது இருக்கட்டும், நேற்று கணினியில் என்ன மாற்றம் செய்தீர்கள்?

உசிலை வாத்தியார்:
டெபியன் 11ஐ 12ஆக மாற்றினேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று நினைக்கவில்லை.

வைகைக்கரை:
அதுதான் காரணம். மின்ட் எங்கும் போகவில்லை. மற்ற லினக்ஸ்களைத் தேடி மெனுவில் சேர்ப்பது ஓஎஸ்-ப்ரோபர். டெபியன் 12இல் பூட் மெனுவைக் காட்டும் க்ரப் அதைத் தானாக இயக்குவதில்லை. க்ரப் அமைவுக் கோப்பில் ஓஎஸ்-ப்ரோபரை முடக்கும் வரிக்கு ஃபால்ஸ் என்று கொடுத்து, அப்டேட்-க்ரப் கட்டளையை இயக்குங்கள். தயவுசெய்து எதையும் அழிக்க வேண்டாம்.

யானைமலை:
அவர் பதிப்பு மாற்றியதை நான் அறியவில்லை. அழிக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

மேலூர்க்காரன்:
ஃபெடோராவை நிறுவும்போது ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பகுதியையே (பூட் கோப்புகள் உள்ள டிஸ்க் பகுதியையே) காட்டுங்கள், ஐயா. ஆனால் ஃபார்மேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

உசிலை வாத்தியார்:
மின்ட் வந்துவிட்டது. டிடிஆர்4 வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டேன். திங்களன்று எஸ்எஸ்டி வாங்குகிறேன். நன்றி.