கல்யாணப் போட்டோவைப் பார்த்து நண்பர்களை வரையும்போது ஜாடை தப்பும் இடம்

கரித்துண்டு:
நண்பர்கள் இருவருக்குப் பரிசாகக் கொடுக்க, அவர்களின் கல்யாணப் போட்டோவைப் பார்த்து வரைகிறேன். இதுவரை வந்ததன் படத்தையும் இங்கே போட்டிருக்கிறேன். 16×20 இஞ்ச் கேன்வாஸ், ஆயில் கலர். மணமகன் முகம் இரண்டாம் நாளே வந்துவிட்டது, மணமகளின் சிரிப்பில் வேலை நின்றுபோனது. பல்லுக்குப் பல் நடுவே மெல்லிய கோடு, ரா அம்பர் என்ற பழுப்பு நிறத்தில், பூஜ்ய நம்பர் மெல்லிய பிரஷால். ஆறாவது கோடு விழுந்ததும் முகத்தில் பத்து வயது கூடிவிட்டது. யாரோ வேறு பெண். ஈரம் காயும் முன்பே துணியால் துடைத்து, பல் வரிசை முழுவதையும் சாம்பலும் மஞ்சளும் கலந்த ஒரே பட்டையாக விட்டு, முன்பற்கள் இரண்டில் மட்டும் சின்ன வெளிச்சம் வைத்தபோது பாதி ஜாடை திரும்பியது. மீதிப் பாதி இன்னும் உறுத்துகிறது. ஒன்று மட்டும் நிச்சயம்: பல் வெள்ளை இல்லை. டைட்டானியம் ஒயிட்டை நேராக வைத்தால் உதட்டைத் தாண்டித் துருத்தும். வாயின் ஓரம் போகப் போகப் பல் இருட்டிக்கொண்டே போகவேண்டும்.

கீழிமை:
பல் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ஜாடை அங்கே தப்பவில்லை. சிரிக்கும்போது கன்னச் சதை மேலே ஏறிக் கீழிமையைத் தள்ளும். கருவிழியின் அடி கொஞ்சம் மறையும், இமைக்கு அடியில் ஒரு மடிப்பு விழும். இதை விட்டுவிட்டால் வாய் சிரிக்கும், கண் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். பல்லை எத்தனை முறை துடைத்தாலும் அது மாறாது. போட்டோவில் வாயைக் கையால் மறைத்துப் பாருங்கள், கண்ணிலேயே சிரிப்பு தெரியும். அதேபோல் கேன்வாஸிலும் மறைத்துப் பாருங்கள்.

ஃப்ளாஷ் போட்ட படமென்றால் கண்ணில் ஒளிப்புள்ளி கண்பாப்பாவின் நட்டநடுவில் இருக்கும். அதை அப்படியே காப்பியடித்தால் பார்வை குத்திட்டு நிற்கும். கடிகாரத்தின் பத்து மணிப் பக்கமோ இரண்டு மணிப் பக்கமோ நகர்த்தவேண்டும், இருவர் கண்ணிலும் ஒரே பக்கம்.

கட்டம்:
16×20 என்று படித்ததும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 4×6 பிரின்ட் 2:3 விகிதம், 16×20 கேன்வாஸ் 4:5. இரண்டும் பொருந்தாது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படுக்கைவாட்டுப் படத்தை இதில் இழுத்து நிரப்பினால் உயரம் 4 மடங்கும் அகலம் 3.3 மடங்கும் பெருகும். முகத்தின் நீளம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். 'ஏதோ சரியில்லை' என்பார்கள், என்னவென்று யாருக்கும் சொல்லத் தெரியாது. 16×24 எடுத்தால் தொல்லையில்லை. பிரின்டில் அரை இஞ்ச் கட்டம், கேன்வாஸில் 2 இஞ்ச் கட்டம், இரண்டிலும் 96 கட்டங்கள். கண்ணும் வாயும் உள்ள கட்டங்களை மட்டும் மறுபடி நான்காகப் பிரியுங்கள். கோட்டை அழுத்திப் போடக் கூடாது, பென்சில் கரி மெல்லிய வெளிர் நிறத்தின் வழியே பின்னால் தெரியும்.

அடுத்தது, போட்டோவின் நிழல். தாடைக்குக் கீழே கறுப்பாகத் தெரிவது கறுப்பு அல்ல, கேமரா அந்த இருட்டில் நிறத்தை விட்டுவிட்டது. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தால் தோலின் நிழல் உயிரோடு இருக்கும். அதே படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரின்ட் போட்டுப் பக்கத்தில் வையுங்கள், வெளிச்சமும் இருட்டும் எங்கே மாறுகின்றன என்பது அதில்தான் தெரியும். செல்போனில் கையெட்டும் தூரத்தில் எடுத்த படமாக இருந்தால் மூக்கு பெருத்துக் காது சிறுத்திருக்கும். இரண்டு மீட்டராவது தள்ளி நின்று எடுத்த இன்னொரு படத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் இரண்டு படத்திலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருகிறதா என்று முதலில் பாருங்கள். ஒருவருக்கு இடமும் மற்றவருக்கு வலமும் நிழல் விழுந்தால் இருவரும் ஒரே அறையில் நிற்கமாட்டார்கள்.

கரித்துண்டு:
4×5 ஆக வெட்டிய பிரின்ட்தான். முகம் நீளவில்லை.

கட்டம்:
6 இஞ்ச் பக்கத்தில் ஒரு இஞ்சை வெட்டினீர்கள் என்றால் யாருடைய தோள் போனது?

ஈரச்சாயம்:
படத்தில் மணமகன் போட்டிருக்கும் கோட்டின் கழுத்தில் குத்திய வெள்ளைப் பூவைச் சுற்றி மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. எனக்குக் கண்ணிலேயே நிற்பது அதுதான். கறுப்புக் கோட்டை ஐவரி பிளாக்கில் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) நிறைய விட்டுப் பூசி, அது உள்ளே காயாமல் இருக்கும்போதே சாயத்தை நீர்க்கவைக்கும் டர்பன்டைன் கலந்த மெல்லிய பூ மேலே ஏறியிருக்கிறது. மேல் பூச்சு முதலில் இறுகும், அடி அசைந்துகொண்டே இருக்கும், மேலே கீறிவிடும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போகக் கூடுதல், இந்த வரிசையை மாற்றக் கூடாது. கோட்டுக்கு அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் கலந்த கறுப்பு போதும், ஐவரி பிளாக்கைவிடச் சீக்கிரம் காயும்.

பரிசு கொடுக்கும் நாள் நெருங்குகிறது என்று வார்னிஷையும் அவசரப்பட்டு அடிக்காதீர்கள். கடைசி வார்னிஷுக்குப் பொதுவாக ஆறு மாதம் விடவேண்டும். தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் ரீடச் வார்னிஷ் என்ற தற்காலிக வார்னிஷை மெல்லிசாக ஒரு கை போட்டுக் கொடுக்கலாம்.

கரித்துண்டு:
வாயை மறைத்துப் பார்த்தேன். கண் சும்மாதான் இருக்கிறது. கீழிமைக் கோடு ஒரு மில்லிமீட்டர் இறங்கி நிற்கிறது, கருவிழி முழு வட்டமாகத் தெரிகிறது. பல்லில் இனி கை வைக்கத் தேவையில்லை.