ஆறாம் நாளில் நிறுத்தலாமா? (எங்கள் குடும்பக் குழுவில் இன்று காலை)

சுந்தரம் பெரியப்பா, 7:12
வயிற்றெரிச்சல் அடியோடு போய்விட்டது. ஆறு நாள் மாத்திரை போதும் என்று நினைக்கிறேன். நான்கு விதமாக விழுங்கி வாயெல்லாம் இரும்புச் சுவை. என் நண்பருக்கு மூன்று மருந்துதான் கொடுத்தார்கள்.

கயல்விழி, 7:15
வேண்டாம் பெரியப்பா, தயவுசெய்து நிறுத்தாதீர்கள்! எரிச்சலைத் தணித்தது அமிலத்தை அடக்கும் மாத்திரை. அல்சரை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இரைப்பையின் சளிப்படலத்துக்குள் பதுங்கியிருக்கும். மீதி எட்டு நாளும் அதை ஒழிக்கத்தான்.

ராஜி சித்தி, 7:21
நான்கு மருந்து என்றால் பலம் கூடுதல்தானே கயல்? நாளைக் குறைத்துக்கொள்ளக் கூடாதா?

கயல்விழி, 7:29
அதைத்தான் லத்தீன் அமெரிக்காவில் சோதித்தார்கள் சித்தி. சிலி, கொலம்பியா, கோஸ்டாரிகா, ஹோண்டுராஸ், நிகரகுவா, மெக்சிகோ ஆகிய ஆறு நாடுகளில் 1,463 பேர். நான்கு மருந்து முறையே மேல் என்று ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஆய்வுகள் சொல்லியிருந்தன. மொத்த மாத்திரையும் குறைவு என்பதால் வசதி குறைந்த நாடுகளுக்கு ஏற்றதாக இருக்கும் என எதிர்பார்த்தார்கள். 2011இல் முடிவு வந்தது. மூன்று மருந்தை 14 நாள் சாப்பிட்டவர்களில் 100க்கு 82 பேருக்குக் கிருமி ஒழிந்தது. நான்கு மருந்தை நடுவில் மாற்றி மாற்றி 10 நாள் சாப்பிட்டவர்களில் 77 பேருக்குக்கூட எட்டவில்லை. நான்கையும் சேர்த்து 5 நாளில் முடித்தவர்களில் சுமார் 74 பேர்தான்.

சுந்தரம் பெரியப்பா, 7:34
அப்படியானால் எனக்கும் அந்த மூன்றையே கொடுத்திருக்கலாமே அம்மா?

கயல்விழி, 7:41
அந்த மூன்றில் ஒன்று கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக். ஒவ்வொரு மழைக்காலத்திலும் இருமலுக்கு மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கிய அசித்ரோமைசின் அதே குடும்பம். ஒன்றுக்குப் பழகிய கிருமி மற்றதற்கும் மசியாது. அதனால்தான் உங்களுக்கு பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமிலத்தை அடக்கும் மாத்திரை என்ற வேறு நான்கு, ஆய்வில் கொடுத்த நான்கு அல்ல. வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோலை நம் ஊரில் அள்ளி விழுங்கியிருக்கிறோம், அதற்கும் எதிர்ப்பு உண்டு. ஆனால் தகுந்த அளவில், பிஸ்மத்தோடு சேர்த்து 14 நாள் கொடுத்தால் பெரும்பாலும் அந்த எதிர்ப்பைத் தாண்டிவிடலாம். நாளைக் குறைத்தால் அந்தப் பலனே போய்விடும்.

மீனாட்சி பெரியம்மா, 7:44
மலம் கறுப்பாகப் போகிறதாம். பயந்துபோய் நேற்று முழுவதும் என்னிடம் சொல்லவில்லை. அல்சருக்கு நல்லதென்று மாத்திரையோடு பால்தான் கொடுக்கிறேன்.

கயல்விழி, 7:47
கறுப்பு பிஸ்மத்தால் வருவது, நாக்கும் கறுக்கலாம். ஆனால் தார் போல ஒட்டி, தலைசுற்றலும் இருந்தால் உடனே மருத்துவமனை. பாலை மட்டும் மாற்றுங்கள் பெரியம்மா! பாலின் கால்சியம் டெட்ராசைக்ளினைப் பிடித்துக்கொள்ளும், மருந்து உடம்பில் சேராது. தண்ணீரோடு கொடுங்கள், பால் இரண்டு மணி நேரம் கழித்து.

மீனாட்சி பெரியம்மா, 7:49
ஐயோ, ஆறு நாளும் பால்தானே கொடுத்தேன்!

கயல்விழி, 7:50
டாக்டரிடம் இன்றே சொல்லிவிடுவோம். நாளைக் கூட்ட வேண்டுமா என்று அவர் சொல்லட்டும். பத்து மணிக்கு நான் வருகிறேன், மாத்திரை அட்டைகளை எடுத்து வையுங்கள்.

சுந்தரம் பெரியப்பா, 7:53
காலை மாத்திரையைத் தண்ணீரில் போட்டுக்கொண்டேன்.

ராஜி சித்தி, 7:55
கிருமி போய்விட்டதா என்று எப்படித் தெரியும்?

கயல்விழி, 7:58
மருந்து முடிந்து நான்கு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனை. அதற்கு முன் இரண்டு வாரம் அமில மாத்திரையும் கூடாது, இருந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். தேதியை இங்கேயே போடுகிறேன்.