பூட்டிய வீட்டுக்குக் காவல்: நாமே மாட்டுவதா, மாதச் சந்தா கட்டுவதா?

காவிரிக்கரை:
தஞ்சாவூரில் அப்பா அம்மா இருக்கும் வீடு. மாடியோடு தனி வீடு, பின்னால் கொல்லை. தங்கை பிரசவத்துக்காக இருவரும் ஜூனில் நியூ ஜெர்சி போகிறார்கள், திரும்ப நாலு மாதம் ஆகும். நான் இருப்பது ஓசூரில். நகை எல்லாம் லாக்கருக்குப் போய்விட்டது. ஆனாலும் பித்தளை, வெள்ளி விளக்கு, பத்திரக் கட்டு என்று வீட்டில் நிறைய இருக்கிறது. வைஃபை கேமராவும் கதவு சென்சாரும் வாங்கி நானே மாட்டிவிடலாம் என்று பார்க்கிறேன். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. 24 மணி நேரமும் கண்காணிக்கும் கம்பெனியிடம் விடச் சொல்கிறார். அவர்கள் கொடுத்த கொட்டேஷன்: முதலில் 22,000 ரூபாய், அப்புறம் மாதம் 900. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பேனர்:
நீங்களே மாட்டுங்கள், யோசிக்கவே வேண்டாம். என் மதுரை வீட்டில் மூன்று வருடமாக ஓடுகிறது. வாசல், கொல்லை, மாடிப்படி என்று மூன்று கேமரா. கதவுக்குக் காந்த சென்சார்: காந்தத் துண்டு கதவில், சுவிட்ச் நிலைச்சட்டத்தில். இரண்டும் விலகினால் சைரன். துளை போடத் தெரிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். மொத்தம் 11,000க்குள் முடிந்தது. கம்பெனிக்காரர் கொண்டுவருவதும் இதே சாமான்தான், மேலே அவர் ஸ்டிக்கர் இருக்கும். மாதம் 900 என்றால் ஐந்து வருடத்தில் 54,000. அந்தக் காசில் எல்லா ஜன்னலுக்கும் கிரில் போட்டுவிடலாம்.

ராத்திரி டூட்டி:
கணக்கு சரி சார். ஆனால் ராத்திரி 2:40க்கு உங்கள் போன் அடித்தால் எடுப்பீர்களா? இரண்டரை வருடம் கண்காணிப்பு அறையில் ஷிப்ட் பார்த்தவன் நான். அலாரம் விழுந்ததும் எந்த வீடு, எந்த அறை என்று திரையில் வரும். கேமரா இருந்தால் அந்தச் சில வினாடிப் படத்தைப் பார்ப்போம். வீட்டுக்காரருக்குப் போன், அவர் எடுக்காவிட்டால் அவர் கொடுத்த இரண்டாவது நம்பர், ஆள் நடமாட்டம் தெரிந்தால் 112. நான் பார்த்த அலாரத்தில் பெரும்பங்கு பல்லி. சிரிக்காதீர்கள். அறைக்குள் மாட்டும் பி.ஐ.ஆர். சென்சார் உடம்புச் சூடு நகர்வதைப் பார்ப்பது. லென்ஸ் மேலேயே பல்லி ஊர்ந்தால் அதற்கு அது யானை. ஒரு வாரத்தில் நாலு ராத்திரி பல்லிக்கு எழுந்தவர் ஐந்தாவது ராத்திரி நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டுத் தூங்குவார். அணைக்காமல் உட்கார்ந்திருக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.

ஸ்பேனர்:
அதெல்லாம் சரி. போன் செய்த பிறகு என்ன செய்தீர்கள்? தஞ்சாவூருக்கு ஆள் அனுப்பினீர்களா? மறைக்காமல் சொல்லுங்கள்.

ராத்திரி டூட்டி:
மறைக்கவில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் சென்னையிலும் கோவையிலும் மட்டும் ரோந்து வண்டி இருந்தது. மற்ற ஊருக்குப் போன்தான். ஒப்பந்தத்தில் "உடனடி நடவடிக்கை" என்று எழுதியிருப்பார்கள், அந்த நடவடிக்கை என்பதே போன் செய்வதுதான். அதனால் காவிரிக்கரை சார், கையெழுத்துப் போடும் முன் "எங்கள் தெருவுக்கு யார் வருவார், எத்தனை நிமிடத்தில்" என்று எழுதி வாங்குங்கள். காவலாளி அனுப்புவதாகச் சொன்னால், தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005 சட்டப்படி லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். நெளிந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்பேனர்:
போன் செய்ய மாதம் 900! எங்கள் எதிர்வீட்டு அண்ணாச்சி ஒரு டீக்கு வருவாரே.

பாகீரதி:
இரண்டு பேரும் பொறுங்கள். எங்கள் கும்பகோணம் வீட்டில் போன வருடம் பூட்டை உடைத்தார்கள். கேமரா நாலு இருந்தது. பதிவாகும் டி.வி.ஆர். பெட்டியை ஹாலில் டி.வி.க்குக் கீழே, விளக்கு மினுக்க, அழகாக வைத்திருந்தோம். வந்தவர்கள் வெள்ளிக் குத்துவிளக்கோடு அதையும் எடுத்துப் போய்விட்டார்கள். அவர்கள் முகம் தெளிவாகப் பதிந்த ஒரே இடம் அதுதான். சைரனும் அடித்ததாம். யார் வீட்டு இன்வெர்ட்டரோ கத்துகிறது என்று பக்கத்து வீட்டில் புரண்டு படுத்திருக்கிறார்கள். ஆக, எதிர்வீட்டு அண்ணாச்சியை நம்பினால் முதலில் அந்தச் சைரன் சத்தத்தை அவருக்கு ஒருமுறை அடித்துக் காட்டுங்கள்.

ஸ்பேனர்:
பாகீரதி அக்கா சொன்னது பொன். பெட்டியைப் பரண்மேல், பழைய அரிசி டின்னுக்குப் பின்னால் வைக்க வேண்டும். இன்னொன்று: நாலு கேமரா நாள் முழுக்கப் பதிந்தால், ஒன்றுக்கு வினாடிக்கு 2 மெகாபிட் வைத்தாலே 1 டி.பி. (1,000 ஜி.பி.) டிஸ்க் பதினோரு பன்னிரண்டு நாளில் நிரம்பி, பழையதன் மேலேயே எழுத ஆரம்பிக்கும். திருட்டு நடந்தது ஒரு மாதம் கழித்துத் தெரிந்தால் டிஸ்க் இருந்தும் பிரயோஜனமில்லை. அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி வையுங்கள், துண்டுப் படம் கிளவுடுக்கும், அதாவது இணையச் சேமிப்புக்கும், போகட்டும்.

ராத்திரி டூட்டி:
கிளவுடுக்கு எப்படிப் போகும்? நம் ஊரில் தனி வீடு பலவற்றில் ஈ.பி. மீட்டர் பெட்டி வாசல் திண்ணைச் சுவரில். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினால் மோடம் அணையும், வைஃபை போகும், உங்கள் 11,000 ரூபாயும் கண்ணை மூடிவிடும்.

ஸ்பேனர்:
மோடத்துக்குச் சின்ன யு.பி.எஸ். இருக்கிறது. இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். அலாரத்துக்கு சிம் போடும் பேனல், அதாவது சென்சாரெல்லாம் சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டி, உள்ளேயே பேட்டரி. இதையும் கடையில்தான் விற்கிறார்கள்.

ராத்திரி டூட்டி:
அந்த சிம்முக்கு யார் ரீசார்ஜ் செய்வது? 28 நாள், 84 நாள் என்று போட்டு மறந்துபோன வீடுகளை வரிசையாகச் சொல்வேன். பேனல் எரியும், சைரன் அடிக்கும், வெளியே ஒரு குறுஞ்செய்தியும் போகாது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு பேனலும் குறித்த நேரத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று சோதனை சிக்னல் அனுப்ப வேண்டும். அது வராவிட்டால் திரையில் சிவப்பு. மாதச் சந்தாவில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது அந்தச் சிவப்புதான். திருடன் வருவதை விட பேட்டரி சாவதுதான் அடிக்கடி நடக்கும்.

ஸ்பேனர்:
இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். கேமரா ஆஃப்லைன் என்று ஆப்பும் சொல்லும், ஆனால் நான் பார்த்தால்தானே. சரி, என் எதிர்க்கேள்வி. உள்ளே ஹாலில் கேமரா வைத்தால் அதை யார் யார் பார்க்கிறார்கள்? எங்கள் தெருவில் மாட்டிக்கொடுத்த டெக்னீஷியன் எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போனார். 2016இல் மிராய் என்ற வைரஸ், மாற்றப்படாத பாஸ்வேர்டு உள்ள கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் லட்சக்கணக்கில் பிடித்துத்தான் அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்களைத் தடுமாற வைத்தது. நானே மாட்டினால் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்.

ராத்திரி டூட்டி:
மாற்றினால். மாற்றாதவர்கள்தான் அதிகம். வாங்கும்போது எஸ்.டி.கியூ.சி. என்ற மத்திய அரசுத் தரச் சோதனை அமைப்பின் சான்று உண்டா என்றும் பாருங்கள், 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்கும் சி.சி.டி.வி.க்கு அது கட்டாயம். சந்தையில் பழைய சரக்கும் கலந்து கிடக்கிறது.

காவிரிக்கரை:
போலீஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பாகீரதி:
நாங்கள் பட்ட பிறகு கற்றது. ஊருக்குப் போகும் முன் ஸ்டேஷனில் தேதியோடு எழுதிக் கொடுங்கள், ரோந்து வருபவர் பார்த்துக்கொள்வார். 2022இல் வந்த தமிழகக் காவல்துறையின் "காவல் உதவி" ஆப்பையும் போனில் போட்டு வையுங்கள். சில இடத்தில் வாசலில் பட்டா புத்தகம், அதாவது ரோந்துப் பதிவேடு, வைத்து ரோந்துப் போலீஸார் கையெழுத்துப் போடுவார்கள், கேட்டுப் பாருங்கள். ஆந்திராவில் பூட்டிய வீட்டுக்குப் போலீஸே கேமரா வைத்துக் கொடுக்கும் திட்டம் உண்டு. வீட்டு இன்சூரன்ஸ் இருந்தால் அதையும் படியுங்கள். தொடர்ந்து 30 நாள் பூட்டிக் கிடந்தால் திருட்டுக்குப் பணம் கிடையாது என்று சில பாலிசியில் இருக்கும். நாலு மாதம் என்றால் முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும்.

ராத்திரி டூட்டி:
எல்லாம் செய்யுங்கள். ஆனாலும் நாலு மாதத்துக்கு 3,600 ரூபாய் பெரிய காசில்லை என்பதுதான் என் கட்சி.

ஸ்பேனர்:
முதலில் கட்டும் 22,000ஐ விட்டுவிட்டீர்களே அண்ணே!

காவிரிக்கரை:
கம்பெனிக்குப் போன் செய்து "தஞ்சாவூரில் யார் வருவார்" என்று கேட்டேன். "எங்கள் குழு உங்களைத் தொடர்புகொள்ளும்" என்றார்கள். என்னையா, திருடனையா என்று கேட்க வாய் வந்தது. நானே மாட்டப் போகிறேன். சிம் பேனல், மோடம் யு.பி.எஸ்., பெட்டி பரண்மேல். ரீசார்ஜ் தேதியை மச்சான் தன் போனில் போட்டுக்கொண்டார், அப்படியாவது அவர் பக்கமும் கொஞ்சம் ஜெயிக்கட்டும். எதிர்வீட்டில் சாவியும் கொடுத்து சைரனையும் அடித்துக் காட்டுவதாகப் பேச்சு. ஒன்றே ஒன்று பாக்கி: பல்லிக்கு என்ன வழி?

ராத்திரி டூட்டி:
சென்சாரை டியூப்லைட் பக்கத்தில் மாட்டாதீர்கள். பூச்சி அங்கே வரும், அதைத் தின்னப் பல்லியும் வரும். நேர் எதிர்ச் சுவர் மூலையில், ஏழடி உயரத்தில் வையுங்கள். பின்பக்கம் வயர் நுழையும் ஓட்டையை சிலிகோன் பசை வைத்து அடைத்துவிடுங்கள், உள்ளே போய் முட்டை வைத்த கேஸும் நான் பார்த்திருக்கிறேன்.