ராத்திரி பதினொரு மணிப் பசி: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

சேலத்துக்காரி

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 6.1, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, என்று வந்ததிலிருந்து பட்டியல் போட்டுத்தான் சாப்பிடுகிறேன். பகல் முழுக்க ஒழுங்காகப் போகும். பிள்ளைகள் தூங்கி, பாத்திரமும் கழுவி முடித்த பிறகு கை தானாக முறுக்கு டப்பாவுக்குப் போகும். இதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அப்படி ஓர் இரவு டப்பாவைத் திறந்து நின்றபோது மாமியார் தண்ணீர் குடிக்க வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். டப்பாவை வாங்கி மேலே வைத்தார். தட்டில் ஒரு கரண்டி சோறு, அதில் தயிர், ஓரத்தில் மீந்த பீன்ஸ் பொரியல். "மத்தியானம் ரெண்டு சப்பாத்தியும் வெள்ளரிக்காயும் தின்னுட்டு எழுந்துட்ட. நாலு மணிக்கு வெறும் டீ. இது பசி கண்ணு. உக்காந்து சாப்பிடு" என்றார்.

சாப்பிட்டேன். முறுக்கு நினைப்பே வரவில்லை, படுத்ததும் தூங்கிவிட்டேன். ஆனால் என் பட்டியலில் இரவு 8 மணிக்கு மேல் எதுவும் கிடையாது. பகலில் நான் குறைத்ததை எல்லாம் உடம்பு ராத்திரியில் கேட்டு வாங்குகிறதா? அன்றிலிருந்து இதே யோசனைதான். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தஞ்சை ஆசிரியர் (ஓய்வு)

என் அனுபவம் சின்னது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு வீட்டில் மிக்சர் வாங்குவதை நிறுத்திவிட்டோம். ஓர் இரவு தூக்கம் வராமல் எழுந்தபோது அரிசி டிரம்முக்குப் பின்னால் மணப்பாறை முறுக்குப் பொட்டலம் கண்ணில் பட்டது. விருந்தாளிகளுக்காக என் மனைவி எடுத்து வைத்தது. கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். கடைசியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். அந்தச் சில நிமிடங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

மகளே, உங்கள் மாமியாரின் அன்பு பெரிது, ஆனால் இரவு 11 மணிக்குச் சோறு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே உணவைக் காலையில் சாப்பிட்டால் ஏறுகிற சர்க்கரையை விட இரவில் சாப்பிட்டால் கூடுதலாக ஏறும். தூக்கத்துக்காகச் சுரக்கும் மெலடோனின், இன்சுலின் சுரப்பதை மட்டுப்படுத்துகிறது. சாப்பிட்டதும் படுத்தால் அமிலம் மேலேறி நெஞ்சு எரியும். அதனால்தான் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிக்கச் சொல்கிறார்கள். 7 மணிக்கு இரவுச் சாப்பாடு, உடனே பல் தேய்த்துவிடுவது. இது என் வழக்கம்.

அடுத்தது தூக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2004-இல் வெளியிட்டார்கள். இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டு, பத்து மணி நேரம் படுத்த இரவுகளோடு ஒப்பிட்டார்கள். குறைவாகத் தூங்கியபோது, போதும் என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் குறைவு, பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் 28 சதவீதம் அதிகம். அவர்கள் கேட்டதும் இனிப்பு, உப்புத் தீனி, மாவுப் பண்டம்தான். 11 மணிக்கு மேல் செல்போனோடு உட்கார்ந்தால் பசிக்கத்தான் செய்யும்.

மிக்சர் 100 கிராமுக்கு 500 கலோரியைத் தாண்டும். பேசிக்கொண்டே தின்றால் கணக்குத் தெரியாது. ஆகவே வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். மற்றதெல்லாம் மன உறுதி.

நைட் ஷிப்ட், திருப்பூர்

ஐயா, வணக்கம். 7 மணிக்கு நான் வீட்டில் குளித்துக்கொண்டிருப்பேன். 8 மணிக்கு நிட்டிங் மெஷின் முன்னால் நிற்க வேண்டும். எங்களுக்கெல்லாம் இந்த 7 மணிக் கணக்கை எப்படிப் பொருத்துவது?

இங்கே ராத்திரித் தீனி என்றால் டீயும் பன்னும்தான். 11, 2, 4 என்று டீ வந்துகொண்டே இருக்கும், தூக்கம் வராமல் இருக்க. ஒரு டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு, பத்து கிராம். மூன்று டீயிலேயே 25 கிராமைத் தொட்டுவிடும். ஒரு நாளைக்கு அதற்குள் நிறுத்துவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பன்னை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

பக்கத்து மெஷினில் ஒரு பீகார் தம்பி. பையில் எப்போதும் ஒரு டப்பாவில் சத்து மாவு வைத்திருப்பான். நம் ஊர்ச் சத்துமாவு வேறு, இது வறுத்த கொண்டைக்கடலையை அரைத்த மாவு. ஓர் இரவு 2 மணிக்கு நான் இரண்டாவது பன்னைப் பிரித்தபோது அவன் எவர்சில்வர் டம்ளரில் மாவைப் போட்டு, தண்ணீர், உப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய் எல்லாம் கலந்து, எலுமிச்சை பிழிந்து நீட்டினான். "அண்ணா, குடி. காலை வரைக்கும் பசிக்காது." அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த தமிழ். மெஷின் சத்தத்தில் அதையும் கத்தித்தான் சொன்னான்.

நாலு மணி டீ வந்தபோது பன் வேண்டும் என்று தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் இந்த ஊரில் வேலை பார்க்கிறேன், நம் ஆள் ஒருவர்கூட இதை எனக்குச் சொன்னதில்லை. அந்தப் பையன் இப்போது ஊருக்குப் போய்விட்டான். அவன் டம்ளர் நீட்டிய கை மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

நாகர்கோவில் மகள்

ஆசிரியர் ஐயா "பூட்டி வையுங்கள்" என்று எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் பூட்டினோம்.

அப்பாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. ராத்திரி எழுந்து பிஸ்கட், பழம், கருப்பட்டி என்று எடுத்துத் தின்கிறார் என்று அம்மா அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கொஞ்ச நாள் கழித்து ஒரு மணி வாக்கில் அடுக்களையில் சத்தம். போய்ப் பார்த்தால் அப்பா அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பனியன் முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது, கை நடுங்குகிறது. "மக்களே, கண்ணு மங்குது" என்றார். விரலில் குத்திப் பார்த்தால் 54.

70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். அதில் ஏறக்குறைய 15 கிராம் இருக்கும். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்ததில் 82. அதற்கப்புறம்தான் என் உயிர் வந்தது.

காரணம் என்ன தெரியுமா? யாரோ சொன்னார்கள் என்று அப்பா இரவுச் சாப்பாட்டை 7 மணிக்கு மாற்றி, சோற்றையும் பாதியாகக் குறைத்திருந்தார். மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே ஓடியது. சர்க்கரையை இறக்கும் மாத்திரைகளில் சிலவும் இன்சுலினும் சாப்பாடு குறைந்தால் இப்படிக் கீழே இழுத்துவிடும். டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார், படுக்கும்முன் பால் குடிக்கச் சொன்னார். அந்த ராத்திரித் தீனி அதோடு நின்றது. அவர் ஆசைக்குத் தின்கிறார் என்றுதான் வீட்டில் அத்தனை பேரும் நம்பினோம்.

சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் வீட்டில் யாரும் எதையும் பூட்டாதீர்கள். ராத்திரியில் வேர்வையோடு பசி வந்தால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள். சேலம் அக்கா, நீங்கள் மருந்து எதுவும் எடுக்கவில்லை என்றால் உங்கள் விஷயம் வேறு.

பெயர் வேண்டாமே

என்னுடையது தூங்கப்போகும் முன் வருவதில்லை. தூங்கிய பிறகு வருவது. ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் விழிப்பு வரும், ஏதாவது சாப்பிட்டால்தான் திரும்பத் தூக்கம். காலையில் பசியே இருக்காது. ராத்திரி தின்ற ஒவ்வொன்றும் நினைவிலும் இருக்கும்.

இதை ஒரு டாக்டரிடம் முதன்முதலாகச் சொன்ன நாளை மறக்க மாட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வாரத்துல எத்தனை நாள் எழுந்திருக்கீங்க?" என்று கேட்டார். என்னிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை, எல்லோரும் "ஏன்" என்றுதான் கேட்டார்கள். 1955-லேயே ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதைப் பதிவு செய்திருக்கிறார், இரவு உண்ணும் நோய்க்குறி என்று இதற்குப் பெயரே உண்டு, சிகிச்சையும் இருக்கிறது என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன்.

ஐயா, மற்றதெல்லாம் மன உறுதி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எடுத்துவிட முடியுமா?

தஞ்சை ஆசிரியர் (ஓய்வு)

எடுத்துவிட்டதாகவே நினைத்துக்கொள்ளுங்கள் அம்மா. பூட்டும் வேண்டாம், நாகர்கோவில் மகள் சொன்னதுதான் சரி. ஆனால் மருந்து எடுக்காத, பகலில் வேலை செய்கிற ஒருவருக்கு இரவுச் சாப்பாடு சீக்கிரம் முடிவது நல்லது என்பதில் நான் மாறவில்லை. 11 மணிக்குச் சோறு போடுவதை விட மதியம் இன்னொரு கரண்டி சோறும் ஒரு கிண்ணம் பருப்பும் போட்டிருக்கலாம் அல்லவா?

சேலத்துக்காரி

ஐயா, மருந்து எதுவும் எடுக்கவில்லை. நீங்கள் இப்போது சொன்னதைத்தான் மாமியாரும் மறுநாள் காலையிலேயே சொன்னார். மதியம் சாதத்தோடு பருப்பு, நாலு மணிக்குச் சுண்டல் என்று மாற்றியிருக்கிறோம். ராத்திரி நிலவரம் பரவாயில்லை, சில நாள் மட்டும் கை டப்பாவைத் தேடுகிறது.

திருப்பூர் அண்ணா, அந்தக் கடலை மாவை வீட்டில் செய்ய முடியுமா? நான்கு மணிக்குக் கலந்து குடிக்கலாமா என்று யோசிக்கிறேன்.

நைட் ஷிப்ட், திருப்பூர்

தாராளமாகக் குடிக்கலாம் தங்கச்சி. அந்த மாவு கிடைக்காவிட்டால் பொட்டுக்கடலையையே மிக்ஸியில் நைசாக அரைத்துச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். பஜ்ஜிக்கு வாங்கும் கடலை மாவு பச்சை மாவு, அது சரிவராது. ஒரு டம்ளருக்கு மூன்று ஸ்பூன் போதும். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு மீதித் தண்ணீரை ஊற்றுங்கள். முன்கூட்டியே கலந்து வைத்தால் மாவு அடியில் போய்த் தங்கிவிடும், குடிக்கிற நேரத்தில் கலக்குங்கள். சர்க்கரையோ வெல்லமோ வேண்டாம், வெங்காயமும் எலுமிச்சையும் இருந்தால் தானாக ருசி வந்துவிடும்.