எமுலேட்டருக்குத் தமிழில் என்ன பெயர்?

மடல் 1: புதுச்சேரியிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

ஐபோனில் பழைய வீடியோ கேம்களை ஓடவைக்கும் ஒரு திறமூலச் செயலியின் திரைச்சொற்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'சேமி', 'ஒலியை நிறுத்து' வகையறாக்கள் ஒரே மாலையில் முடிந்தன. இவ்வகைச் செயலியைக் குறிக்கும் எமுலேட்டர் என்ற ஒற்றைச் சொல்லில் மாட்டிக்கொண்டு மூன்று வாரமாகிறது.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது 'போலி'. எனக்கு அது வேண்டாம். எங்கள் ஊரில் போலி என்றாலே போலி மதுபானம், போலிப் பத்திரம் என்றுதான் காதில் விழும். 'புதிய போலியை நிறுவு' என்று ஒரு பொத்தான் இருந்தால் அதைத் தொட எனக்கே கை வராது. இவ்வகைச் செயலிகளுக்கு ஏற்கெனவே திருட்டுப் பட்டம் வேறு கட்டியிருக்கிறார்கள். வில்லங்கம் கேம் கோப்பை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. பெயரிலேயே குற்றத்தை ஏற்றி வைப்பானேன்?

போலி என்ற பட்டத்துக்குத் தகுந்தது வேறொன்று உண்டு. தொண்ணூறுகளில் வாங்கி வந்து டிவியில் மாட்டி ஆடினோமே, அந்தப் பெட்டி. நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியின் நகல் அது. கேசட்டில் '9999 கேம்' என்று ஒட்டியிருக்கும். உள்ளே நாலைந்து கேம்தான் வேஷம் மாற்றி மாற்றி வரும். ஓடாவிட்டால் கழற்றி ஊதுவோம். அங்கே நகலானது வன்பொருள். எமுலேட்டர் அப்படியில்லை. பழைய இயந்திரம் என்ன செய்யுமோ அதை மென்பொருள் செய்து காட்டுகிறது. தான் ஒரு போனுக்குள் இருப்பது கேமுக்குத் தெரியவே தெரியாது.

இந்தப் பொருளில் இச்சொல்லை 1963 வாக்கில் உருவாக்கியவர்கள் ஐபிஎம்காரர்கள். சிஸ்டம்/360 என்ற கணினி வரிசையைக் கட்டிக்கொண்டிருந்தபோது பழைய ஐபிஎம் கணினிகளின் நிரல்களைப் புதியதில் ஓட்ட வேண்டியிருந்தது. மென்பொருள் மட்டும் செய்தால் சிமுலேட்டர், வன்பொருளும் கைகொடுத்து வேகமாகச் செய்தால் எமுலேட்டர் என்று பிரித்தார்கள். இன்று அந்தக் கோடு அழிந்துவிட்டது. ஆனால் சொல்லின் இலத்தீன் வேரில் போட்டிபோட்டு ஈடுகொடுத்தல் என்ற பொருள் இருக்கிறது. ஆகவே என் முன்மொழிவு: நிகரி.

பூட்டிய போன்களில் இது எப்படி வேலை செய்கிறது என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். ஆண்ட்ராய்டில் சிக்கல் இல்லை, கோப்பை இறக்கி நாமே போட்டுக்கொள்ளலாம். இந்தியாவில் ஐபோன் என்றால் ஆப்பிளின் கடை வழியாகத்தான் வரவேண்டும். அந்தக் கடை கேம் எமுலேட்டர்களைப் பல ஆண்டுகள் வாசலிலேயே நிறுத்தி வைத்தது. ஆட்கள் சும்மா இருப்பார்களா? பத்தாண்டுக்கு முன் போனின் தேதியைப் பின்னுக்குத் தள்ளிவைத்து, செயலியின் காலாவதியான சான்றிதழ் இன்னும் செல்லும் என்று போனை நம்பவைத்து நிறுவினார்கள். 2019-இல் ஆல்ட்ஸ்டோர் என்ற மாற்றுக் கடை வந்தது. அதில் நம் சொந்தக் கணக்கில் கையொப்பமிட்டுச் செயலியைப் போடலாம், ஆனால் இலவசக் கணக்கென்றால் ஏழு நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எருமைக்குத் தண்ணி காட்டுவதுபோல வாராவாரம் போனைக் கணினிக்குக் காட்டிக்கொண்டிருந்தோம். 2024 ஏப்ரல் 5-இல் ஆப்பிள் விதியை மாற்றிக் கேம் எமுலேட்டர்களை அனுமதித்தது. அதே மாதம் 17-இல் டெல்டா என்ற எமுலேட்டர் கடைக்கு வந்தது.

பூட்டு அப்போதும் முழுதாகத் திறக்கவில்லை. இதை எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். பழைய சொத்துப் பத்திரம் பிரெஞ்சில் இருக்கும். தெரிந்தவர் ஒருவரை உட்காரவைத்து வரிவரியாகப் படித்துச் சொல்லச் சொல்லலாம். நாளைக்கு அதே வரி வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. அல்லது முதல்முறை படிக்கும்போதே தமிழில் எழுதிவைத்துக்கொண்டு, அடுத்தமுறை எழுதியதையே படிக்கலாம். இரண்டாவது பலமடங்கு வேகம். எமுலேட்டரும் பழைய சில்லின் கட்டளைகளை இந்த இரண்டு விதமாகவும் பெயர்க்கலாம். ஆனால் செயலி தானே எழுதிய பக்கத்தைக் கட்டளையாக ஓட்டுவதற்குக் கடைச் செயலிகளை ஆப்பிள் அனுமதிப்பதில்லை, பாதுகாப்பைக் காரணம் சொல்கிறது. எனவே ஐபோனில் வாயால் படித்துச் சொல்வது மட்டும்தான். நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம்பாய் அட்வான்ஸின் சில்லு 16.78 மெகாஹெர்ட்ஸ், அதற்கு இதுவே தாராளம். அதே நிறுவனத்தின் கேம்கியூப், வீ என்ற பெட்டிகள் இரண்டையும் போல ஓடும் டால்ஃபின் எமுலேட்டர் கடைக்கு வராததற்கு இதுதான் காரணம். முழுக் கணினியையே போனுக்குள் ஓட்டும் யூடிஎம் 2024 ஜூலையில் கடைக்கு வந்தபோது 'மெதுவான பதிப்பு' என்று தன் பெயரிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. நேர்மை!

கடைசியாக ஒன்று. கணினிக்குப் பிரெஞ்சில் ஓர்டினாத்தர் என்கிறார்கள். 1955-இல் ஐபிஎம்மின் பிரெஞ்சுக் கிளை கேட்டதற்கு ழாக் பெரே என்ற பேராசிரியர் கடிதத்தில் எழுதியனுப்பிய சொல் அது. ஒரே கடிதம். நாமோ இந்தச் சொல்லுக்காகக் குழுவில் நாற்பதாவது மடலைத் தாண்டிவிட்டோம்.

மடல் 2: கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து

தம்பிக்கு வணக்கம்.

நிகரி ஓசையில் நன்றாகத்தான் இருக்கிறது. தமிழாசிரியராக முப்பது வருடம் இருந்தவன் என்பதால் குற்றம் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் குற்றம்: நிகர் என்றால் ஈடு. நீங்களே வேகம் போதாமல் டால்ஃபின் வெளியே நிற்கிறது என்கிறீர்கள். ஈடாக முடியாததற்கு ஈடு என்று பெயர் வைப்பதா? இரண்டாவது, மெய்நிகர் என்ற சொல்லை ஏற்கெனவே 'வெர்ச்சுவல்' என்பதற்குக் கொடுத்துவிட்டோம். மெய்நிகர் பொறியும் நிகரியும் ஒரே பக்கத்தில் வந்தால் படிப்பவர் குழம்புவார்.

உவம உருபுகளாக நன்னூல் பன்னிரண்டைச் சொல்கிறது: போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உங்கள் இலத்தீன் பொருளுக்கு மிக நெருங்கியது உறழ. அதில் ஒப்புமையும் உண்டு, மாறுபட்டு நிற்பதும் உண்டு. ஆனால் 'உறழி' என்று பொத்தானில் போட்டால் என் பேத்தி அதை உரலோடு சேர்த்துவிடுவாள். மானி என்றால் வெப்பமானி. ஏய்ப்பி என்றால் வரி ஏய்ப்பு. சுற்றிச் சுற்றி 'போல்' என்ற வேருக்கே வரவேண்டியிருக்கிறது.

போலி என்ற சொல்லை நீங்கள் தள்ளியதில் எனக்கு ஒரு வருத்தம். இலக்கணத்தில் போலி மோசடி அல்ல. அறம் என்ற இடத்தில் அறன் என்கிறோம், பந்தல் என்ற இடத்தில் பந்தர் என்கிறோம். ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து நிற்கிறது, பொருள் கெடுவதில்லை. கேமுக்குத் தெரியவே தெரியாது என்று நீங்கள் எழுதியதும் இதைத்தானே? ஆனாலும் ஊர்வாயை மூட முடியாது; போலி கைவிட்டுப் போனது போனதுதான்.

அதே வேரிலிருந்து போன்மி என்று வைக்கலாம். 'போலும்' என்பது செய்யுளில் 'போன்ம்' என்று குறுகும். மகரக்குறுக்கத்துக்கு மாணவர்களிடம் காலமெல்லாம் சொன்ன எடுத்துக்காட்டு. செயலி, உலாவி போல இகரம் சேர்த்தால் போன்மி. யோசியுங்கள். கேம் அடங்கிய ரோம் கோப்புக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

மடல் 3: புதுச்சேரியிலிருந்து

ஐயா, நிகரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஈடாகாததற்கு ஈடு என்ற பெயர் எதற்கு என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன்மியை எடுத்துக்கொண்டு நேற்று எங்கள் தெருவில் உள்ள போன் சர்வீஸ் கடைக்குப் போனேன். அங்கே மாலையில் நாலைந்து பையன்கள் கூடுவார்கள், எல்லோரும் கேம் பைத்தியங்கள். திரையைக் காட்டி, "இதற்குப் பெயர் போன்மி" என்றேன். ஒருவன் உடனே, "ரெட்மி மாதிரி புது கம்பெனியா அண்ணா?" என்றான். மற்றவர்கள் சிரிக்கவில்லை, அவர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். மகரக்குறுக்கம் பற்றி விளக்கலாம் என்று வாயெடுத்து, மூடிக்கொண்டேன். போன் என்பது தமிழ்ச்சொல் ஆகிவிட்ட ஊரில், போனுக்குள் ஓடும் ஒன்றுக்குப் போன்மி என்று பெயர் வைத்தால் இந்தக் கேள்வி தீரவே தீராது.

ஆனால் வேர் உங்களுடையதே சரி. அதை வைத்துக்கொண்டு பொறியைச் சேர்த்தேன்: போல்பொறி. கொல்களிறு எப்படியோ அப்படி. வினைத்தொகை என்பதால் 'போற்பொறி' என்று திரியாது என நினைக்கிறேன், தவறென்றால் தலையில் குட்டுங்கள். மெய்நிகர் பொறியோடு பக்கத்தில் வைத்தாலும் இடிக்கவில்லை, இரண்டும் பொறி என்பது மட்டும் தெரிகிறது. எலிப்பொறி நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்வார்கள். வரட்டும், ஐம்பொறியும் வரும்தானே.

பையன்களிடம் "இது கேம்பாய் போல்பொறி" என்று சொல்லிப் பார்த்தேன். "கேம்பாய் போல ஓடுற மிஷினா?" என்றான் அதே பையன். எனக்கு அது போதும். சின்னத் திரை ஐபோனிலும் 'போல்பொறியை மாற்று' ஒரே வரியில் அடங்குகிறது.

மற்றவை சுருக்கமாக. கடையைத் தவிர்த்து நாமே செயலியைப் போடும் சைட்லோடிங்குக்கு 'நேர்நிறுவல்'. பக்கவாட்டு என்று எதையும் சேர்க்கவில்லை, தமிழில் அது எதையும் சொல்லவில்லை. போனின் தடைகளை உடைக்கும் ஜெயில்பிரேக்குக்குப் 'பூட்டுடைப்பு', உள்ளே இருப்பது கைதி இல்லையே. எழுதி வைத்துப் படிக்கும் அந்த வேகமான வழிக்குக் 'கையோடு பெயர்ப்பு' என்று போட்டிருக்கிறேன். இதில் மட்டும் எனக்கே முழுத் திருப்தி இல்லை, நல்லது வந்தால் மாற்றிக்கொள்ளலாம். கோப்பை வெள்ளிக்கிழமை ஏற்றுகிறேன்.

ரோம் கோப்பைக் கேட்டீர்கள். படிப்புமட்டும் நினைவகக் கோப்பு என்று யாரோ எழுதிவைத்திருந்ததை அழித்துவிட்டுக் 'கேசட்' என்று போட்டுவிட்டேன் ஐயா. ஊதித்தான் ஓடவைக்க முடியாது.