முதியோர் இல்லத்தில் கையைக் கட்டி வைத்தால்: உள்ளே பேசுவதா, வெளியே முறையிடுவதா?

உப்புவெளியான்:
இரவில் எழும்பி நடக்கிறா என்று அம்மாமாரின் கையைக் கட்டிலோடு துணியால் கட்டுவது பராமரிப்பே இல்லை. உடனே எழுதி முறையிடுங்கள். இலங்கையின் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, ஐந்துக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் பதிவு செய்திருக்க வேண்டும். முதலில் அதைக் கேளுங்கள். பிறகு பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். திருகோணமலையில் 'பட்டினமும் சூழலும்' பிரிவோ குச்சவெளிப் பிரிவோ, இல்லம் இருக்கிற பிரிவுக்குத்தான் போகவேண்டும், பிள்ளைகள் இருக்கிற பிரிவுக்கு அல்ல.

தம்பலகாமம் அக்கா:
சட்டம் சரி தம்பி. கடிதம் போன அன்றிரவு அந்த அம்மாவை யார் பார்ப்பது? கட்டுவதற்குப் பெரும்பாலும் ஆள் பற்றாக்குறைதான் காரணம். இல்லத்தின் பொறுப்பாளரான மேட்ரனிடம் இப்படிக் கேளுங்கள்: படுக்குமுன் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, கட்டிலைத் தாழ்த்துவது, வழியில் சிறு விளக்கு. திடீரென்று குழம்பிப் பேசினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து மூன்றையும் டொக்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள். கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில் தண்ணீர் குறைந்தாலே மனம் தடுமாறும். காரணம் போனால் கட்டும் போகும்.

உப்புவெளியான்:
அக்கா, வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை. கட்டப்பட்ட ஆள் புரளமுடியாது. தானாகப் புரளமுடியாத ஆளை இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறையாவது திருப்பாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். "சரியாகப் பார்க்கிறார்கள் இல்லை" என்று மட்டும் எழுதினால் உத்தியோகத்தருக்குச் சோதிக்க ஒன்றும் இருக்காது. திகதி, நேரம், எந்தக் கை, எதனால் கட்டியது, தழும்பு எங்கே என்று எழுதுங்கள். படம் எடுக்குமுன் அம்மாவிடம் சம்மதம் கேளுங்கள். கடிதம் கிடைத்ததென்று பிரதியில் அலுவலக முத்திரை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

மூதூர்வாசி:
பராமரிப்புச் சபைக்கு எழுதலாம்தானே?

உப்புவெளியான்:
இல்லை. அது முதியவர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்கிற இடம். அரச இல்லமானால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்துக்கும் போகலாம். காயம் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகு பொலிஸ்.

தம்பலகாமம் அக்கா:
காயமென்றால் நானும் ஒருநாள்கூடப் பொறுக்கச் சொல்லமாட்டேன். காயமில்லாவிட்டால் மேட்ரனுக்கே முதல் கடிதம், ஒரு கிழமை அவகாசம், பிரதி உங்கள் கையில். கடிதம் கொடுத்தபிறகு ஒரே நேரத்தில் போகாதீர்கள். ஒருநாள் காலைச் சாப்பாட்டுக்கு, ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போங்கள். வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் இல்லத்திடம் விட்டிருந்தால் அதைத் திருப்பி வாங்கிவிட்டு, மாதக் காசைப் பற்றுச்சீட்டோடு கட்டுங்கள்.

உப்புவெளியான்:
ஒரு கிழமை அதிகம் அக்கா. கட்டை அன்றைக்கே அவிழ்க்கவேண்டும். மற்றதுக்கு வேண்டுமானால் அவகாசம் கொடுக்கலாம்.