செல்விக்கு இரண்டு வருடப் படிப்பு தேவையா? ஆச்சி வீட்டுக் குழுவில் பேசியது

செல்வி (ஃப்ரீமான்ட்): எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்கணும். கிரீன் கார்டு வந்தாச்சு, மளிகைக் கடை கல்லாவில் இன்னும் எத்தனை நாள் நிற்பது? பாராலீகல் அசோசியேட் டிகிரி படிக்கலாமா என்று பார்க்கிறேன். 60 கிரெடிட், இரண்டு வருடம். ஆன்லைனில் ஒரு தனியார் கல்லூரியில் விசாரித்தேன். ஒரு கிரெடிட்டுக்கு 385 டாலராம். அன்றிலிருந்து தினமும் ஃபோன் பண்ணுகிறார்கள்.

சித்தப்பா (பாளை): பாராலீகல் என்றால் என்னம்மா?

செல்வி: வக்கீலுக்கு உதவியாக இருக்கிற வேலை சித்தப்பா. மனு தயார் செய்வது, கேஸ் கட்டுகளை ஒழுங்கு பண்ணுவது, பழைய தீர்ப்புகளைத் தேடிக் கொடுப்பது.

சித்தப்பா: வக்கீல் குமாஸ்தா என்று சொல்லு. உங்க தாத்தா திருநெல்வேலி கோர்ட்டில் காலம் முழுக்க அதைத்தானே பார்த்தார். வெறும் எஸ்எஸ்எல்சி. அதுக்கு ரெண்டு வருஷப் படிப்பா?

கவிதா (எடிசன்): தாத்தா இங்கே இருந்திருந்தால் பெரிய ஆபீசில் சீனியர் பாராலீகல் ஆகியிருப்பார் சித்தப்பா 😀 ஆனால் இங்கே முதல் வரைவு எழுதுவதும் என்னைப் போன்ற பாராலீகல்கள் தலையில்தான். வக்கீல் படித்துத் திருத்திக் கையெழுத்துப் போடுவார்.

கவிதா: செல்வி, 385 × 60 = 23,100 டாலர். புத்தகம் தனி. முதலில் அந்த நம்பரை பிளாக் பண்ணு. கலிஃபோர்னியா கம்யூனிட்டி கல்லூரியில் ஒரு யூனிட் (நீ சொல்கிற கிரெடிட்தான்) 46 டாலர்தான். 60 யூனிட்டுக்கு 2,760. ஒரு வருடம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும், அது உனக்குப் பிரச்சினையே இல்லை. சாரடோகாவில் வெஸ்ட் வேலி கல்லூரியில்கூட பாராலீகல் இருக்கிறது.

முத்து (சென்னை): சம்பளம் எவ்வளவு வரும் கவிதாக்கா?

கவிதா: அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2024 மே கணக்குப்படி நடுச் சம்பளம் வருடத்துக்கு 61 ஆயிரம் டாலர் பக்கம். பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே. அடிமட்டத்துப் பத்து சதவீதம் பேருக்கு 40 ஆயிரம்கூட இல்லை. புதிதாகச் சேருகிறவர்கள் கீழ்ப் பாதியில்தான் இருப்பார்கள். நான் சேர்ந்தபோது மணிக்கு 21 டாலர்.

முத்து: 61 ஆயிரத்தை 85ஆல் பெருக்கினால் 52 லட்சம்!! நானும் வர்றேன்

கவிதா: டாலரில் வாங்கி டாலரில் வாடகை கொடுக்கிறவர்களுக்கு அந்தப் பெருக்கல் கிடையாதுடா. ஃப்ரீமான்ட்டில் இரண்டு பெட்ரூம் வாடகை எவ்வளவு என்று அவளிடம் கேள்.

செல்வி: கேட்காதே.

அத்தை (தென்காசி): _இந்த மெசேஜ் நீக்கப்பட்டது_

அத்தை (தென்காசி): மாவு மில்காரருக்கு அனுப்ப வேண்டியது இங்கே வந்துவிட்டது. நீங்க பேசுங்க.

சங்கர் (செல்வியின் கணவர், ஃப்ரீமான்ட்): அக்கா, 2,760 என்றால் இரண்டு வருடம் கடையை விட்டுவிட்டு முழுநேரமாகவே படிக்கட்டுமே. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

கவிதா: அங்கேதான் தம்பி கணக்கு உதைக்கிறது. அவளுக்குக் கடையில் மணிக்கு 20 டாலர், வாரம் 25 மணி நேரம். வருடத்துக்கு 26 ஆயிரம். இரண்டு வருடம் விட்டால் 52 ஆயிரம் போச்சு. கல்லூரிக் கட்டணம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. எல்லாரும் ஃபீஸை மட்டும் விசாரிக்கிறார்கள், நின்றுபோகிற சம்பளத்தை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை.

கவிதா: அதை விடு. உனக்கு அசோசியேட் டிகிரி எதற்கு என்பதே என் கேள்வி. எம்.காம் முடித்தவள்தானே நீ?

செல்வி: ஆமாம் அக்கா. பி.காம் ரெகுலர், எம்.காம் மனோன்மணியம் சுந்தரனாரில் தபால் வழி. அதெல்லாம் இங்கே செல்லுமா?

கவிதா: முதலில் அது இங்கே எந்தப் பட்டத்துக்குச் சமம் என்று மதிப்பீடு செய்து வாங்கு. நம் ஊர் மூன்று வருட பி.காமை மட்டும் காட்டினால் பல இடங்களில் முழு இளங்கலை என்று ஏற்க மாட்டார்கள். எம்.காமும் சேர்ந்தால் உன் பக்கம் பலம். இதில் ஒரு நட்டமும் உண்டு. இளங்கலைக்குச் சமம் என்று வந்துவிட்டால் பெல் கிராண்ட் என்கிற அரசுப் படிப்பு உதவித்தொகை கிடைக்காது, அது முதல் பட்டம் படிக்கிறவர்களுக்குத்தான். சங்கர் சம்பளத்துக்கு எப்படியும் கிடைத்திருக்காது.

கவிதா: அடுத்தது கவனமாகப் படி. பெரும்பாலான மாநிலங்களில் பாராலீகல் என்று போட்டுக்கொள்ள லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. ஆனால் கலிஃபோர்னியாவில் சட்டத்திலேயே தகுதி எழுதியிருக்கிறது, பிசினஸ் அண்ட் புரொஃபஷன்ஸ் கோடு 6450. அதில் டிகிரிதான் வேண்டும் என்று இல்லை. அமெரிக்க வக்கீல் சங்கமான ஏபிஏ அங்கீகரித்த பாராலீகல் சான்றிதழ் இருந்தால் போதும். இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சட்டப் பாடங்கள் குறைந்தது 24 யூனிட் படித்த சான்றிதழ். அதுவும் இல்லையென்றால் ஏதாவது ஒரு இளங்கலைப் பட்டம், ஒரு வக்கீலின் கீழ் ஒரு வருட அனுபவம், அந்த வக்கீலின் எழுத்து உறுதி. 24 யூனிட் என்றால் 1,104 டாலர், மாலை வகுப்பு. மற்ற 36 யூனிட்டில் பாதிக்கு மேல் ஆங்கிலம், கணக்கு, வரலாறு என்று பொதுப் பாடமாகத்தான் இருக்கும். எம்.காம் படித்தவள் மறுபடி கணக்கு வகுப்பில் உட்காரப் போகிறாயா?

செல்வி: இதை அந்தக் கல்லூரிக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே 🙄

கவிதா: சொன்னால் அவருக்கு 60 கிரெடிட் எங்கே விற்கும்?

பெரிய மாமா (டாலஸ்): கவிதா, சும்மா ஒரு சந்தேகம். என் மருமகனுக்கு எச்1பி வேலை விசா ஆறாவது வருடம் முடியப் போகிறது. கிரீன் கார்டுக்கு முதல் படியான பெர்ம் மனுவை இப்போதுதான் போட்டிருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

கவிதா: மாமா, பாராலீகல் சட்ட ஆலோசனை சொல்லவே கூடாது. அவருடைய ஆபீஸ் வக்கீலிடம் இன்றைக்கே கேட்கச் சொல்லுங்கள். தள்ளிப் போட வேண்டாம்.

பெரிய மாமா (டாலஸ்): வீட்டுக்குள்ளேயுமா!

கவிதா: வீட்டுக்குள்ளேதான் முக்கியமாக.

செல்வி: அக்கா, என் வயதில் புதிதாகப் போனால் எடுப்பார்களா? எல்லாம் ஏஐ செய்துவிடும் என்று சங்கர் பயமுறுத்துகிறார்.

கவிதா: அந்தப் பயம் முழுக்கப் பொய் இல்லை. ஆயிரக்கணக்கான ஆவணங்களில் தேடுகிற வேலையை இப்போது மென்பொருள் தின்கிறது. அடுத்த பத்து வருடத்தில் பாராலீகல் வேலைகள் பெரிதாகக் கூடாது என்று அதே புள்ளிவிவரத் துறையே சொல்கிறது. ஆட்கள் ஓய்வு பெறுவதிலும் வேறு வேலைக்குப் போவதிலும்தான் இடம் காலியாகும். அதனால்தான் உன்னை என்னைப் போலக் குடியேற்றச் சட்டப் பக்கம் போகச் சொல்கிறேன். போன வாரம் ஒரு கிரீன் கார்டு கட்டு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது, பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும், பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர்க் கட்டமே காலி. எங்கள் ஆபீசில் மற்றவர்கள் ஏதோ மோசடி என்று பதறினார்கள். எனக்கு அது நம் ஊர் பஞ்சாயத்து ஆபீஸ் வழக்கம் என்று பார்த்ததுமே தெரியும். பெற்றோரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்க, விண்ணப்பித்தவரின் அம்மாவிடம் தமிழிலேயே அரை மணி நேரம் பேசினேன்.

சித்தப்பா: அந்தக் காலத்தில் பேர் வைக்கும் முன்னேயே பதிவு பண்ணிவிடுவோம்மா. அப்புறம் யார் போய் எழுதுவது.

சித்தப்பா: அது சரி, இன்னும் ஒரு வருஷம் சேர்த்துப் படித்து வக்கீலாகவே ஆகக்கூடாதா?

கவிதா: ஆகலாம் சித்தப்பா. லா ஸ்கூல் மூன்று வருடம், செலவு லட்சக்கணக்கான டாலரில் போகும், அப்புறம் பார் தேர்வு. செல்வி மகள் இப்போதுதான் மூன்றாம் வகுப்பு.

சங்கர்: சரி, ஓவர்டைம் உண்டா? மார்ச், ஏப்ரலில் எங்கள் விசா வேலையைப் பார்க்கிற வக்கீல் ஆபீசிலிருந்து ராத்திரி பத்து மணிக்கும் மெயில் வருகிறது.

கவிதா: உண்டு. பாராலீகல்கள் பெரும்பாலும் ஓவர்டைம் உரிமை உள்ளவர்கள், வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு. எச்1பி சீசனில் அதுதான் எனக்கு போனஸ். நேர்காணலில் மாதச் சம்பளம், ஓவர்டைம் கிடையாது என்று சொல்கிற ஆபீஸ் என்றால் யோசி.

செல்வி: அப்போ இப்படிச் செய்கிறேன். மதிப்பீட்டுக்கு அனுப்புகிறேன். கடையை விடவில்லை. இங்கே சின்ன வக்கீல் ஆபீஸ்களில் ரிசப்ஷன் வேலை இருந்தாலும் விண்ணப்பிக்கிறேன், அந்த ஒரு வருட அனுபவம் ஓட ஆரம்பிக்கட்டும்.

கவிதா: வெறும் ஃபோன் எடுப்பது அந்தக் கணக்கில் வராது. வக்கீல் கொடுக்கிற சட்ட வேலை கொஞ்சமாவது கைக்கு வரணும், அதைக் கேட்டுச் சேர். சான்றிதழுக்கும் மொத்தமாகச் சேர்ந்துவிடாதே. முதல் செமஸ்டரில் சட்ட ஆராய்ச்சி, எழுத்து என்று ஒரு பாடம் இருக்கும், அதை மட்டும் எடு. 3 யூனிட், 138 டாலர். அது உனக்கு ஒத்துவரவில்லை என்றால் மீதி எதுவும் ஒத்துவராது.

சங்கர்: 138 நான் தருகிறேன்.

செல்வி: எல்லாரும் சாட்சி 📌